தர்மபுரி பக்கம் கத்தோலிக்கப் பங்குக் கோயில் வரலாறு எழுதுபவர்களுக்கு

கோயில் முகப்பில் இருக்கிற கல்வெட்டை மட்டும் நம்பி ஆண்டு குறிக்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் இன்றைய கட்டடத்தை அர்ச்சித்த, அதாவது மந்திரித்துத் திறந்த, ஆண்டு. முதல் சிற்றாலயம் கட்டியதும், தனிப்பங்கு (தனிக் குருவின் பொறுப்பிலுள்ள சபை) ஆனதும் வேறு வேறு ஆண்டுகளாக இருக்கலாம். மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேடுதான் உண்மையான புதையல். ஆனால் அது எங்கே இருக்கும்? தர்மபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) உருவானது 1997-ல். அதற்கு முன் சேலம். சேலமே 1930-ல்தான், மைசூர், புதுச்சேரி, கும்பகோணம் மறைமாவட்டப் பகுதிகளைப் பிரித்து அமைந்தது. ஆகவே முதலில் தாய்ப்பங்கு, அதாவது உங்கள் பங்கு எதிலிருந்து பிரிந்ததோ அந்தப் பங்கு, எதுவென்று கண்டுபிடித்து, அங்கே கேளுங்கள்.

பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும். பலரும் தடுக்கி விழுவது பெயரில்தான். ஏட்டில் 'பெத்ருஸ்' என்றிருப்பவர் ஊருக்குள் இராயப்பன், 'பவுலுஸ்' சின்னப்பன், 'யோசேப்' சூசை, 'யோவான்னெஸ்' அருளப்பன். பெயர் ஒத்துப்போகிறது என்று உடனே முடிவு கட்டாமல், பெற்றோர், ஞானத்தாய் தந்தையர் பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஊரில் நாலு சூசை இருப்பது சாதாரணம்.

ஏட்டை நகல் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்த வேண்டாம், தையல் விட்டுப்போகும். சன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து படம் எடுத்தால் போதும். பக்க எண் படத்துக்குள் விழ வேண்டும்.