தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில். விடிகாலை ஆறு மணிக்கு ஹோமம். சிதம்பரம் தாண்டும்போது, ஒரு மாசம் முன்பே பேசி வைத்திருந்த விடுதிக்கு போன் பண்ணினால், "ரூம் வேற பார்ட்டிக்குப் போயிடுச்சு சார்" என்கிறார்கள். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த சிவன் இருக்கும் ஊர். அங்கே தினமும் யாருக்காவது கல்யாணம்தான். வேறு அறைக்கு எங்கே போக? எட்டு கிலோமீட்டர் தள்ளித் தரங்கம்பாடியில் இடம் கிடைத்தது. தலை சாய்க்க ஓர் இடம், அவ்வளவுதான் என்று நினைத்து வண்டியை அங்கே விட்டேன்.

மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் ஒரு வெள்ளை வாசல். 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி. ஹாரன் சத்தம் பின்னால் நின்றுவிடுகிறது. 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அவர் அடக்கமாகியிருப்பதும் அதற்குள்ளேதான். தெரு போய் முட்டுகிற இடத்தில் கடல், பக்கத்தில் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845-ல் ஊரையே இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். துறைமுகம் என்று சொல்ல இன்று ஒரு கப்பல் கிடையாது. இந்த ஊர்க் காற்றில் ஓசோன் அதிகம் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு உப்பும் கருவாடும்தான் மணத்தது.

அப்பாவுக்குக் கோட்டையில் மனசு ஒட்டவில்லை. டீக்கடைக்காரரிடம், "இங்க சிவன் கோயில் எதுவும் இல்லையா தம்பி?" என்றார்.

"இருக்குங்கய்யா, மாசிலாமணிநாதர். இப்படியே கடலோரமா நடங்க."

மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1306-ல் எழுப்பிய கோயில். அந்தக் காலத்துக் கல்வெட்டில் ஊரின் பேர் சடங்கன்பாடி. கட்டிய நாளில் கடல் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்து முன்பகுதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது நிற்பது புதிதாகத் திருப்பணி செய்தது. பளிச்சென்ற வண்ணத்தில் இருக்கிறது. எழுநூறு வருஷத்துக் கோயில் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு முதலில் சப்பென்றுதான் இருந்தது. கரையில் கொட்டியிருந்த பாறாங்கற்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: 2004-ல் சுனாமி இந்தக் கரையில் எத்தனை பேரை வாரிக்கொண்டு போயிற்று! இவ்வளவு மிச்சம் இருப்பதே பெரிது.

உள்ளே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. சுவாமி கிழக்கு பார்த்து, கடலை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார். சன்னதி முன்னால் நின்றால் நம் முதுகுக்குப் பின்னால் அலை. குருக்கள் கற்பூரத்தை ஏற்றினார், காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார். மூன்றாவது தடவை தட்டைத் தன் மார்போடு அணைத்து, இடது கையைக் குவித்து மறைத்துக்கொண்டே காட்டினார். அந்த விரல் இடுக்கு வெளிச்சத்தில்தான் லிங்கத்தைப் பார்த்தோம். அப்பா அர்ச்சனைச் சீட்டு எதுவும் வாங்கவில்லை, பேர் நட்சத்திரம் சொல்லவில்லை. கை கூப்பியபடி ரொம்ப நேரம் நின்றார்.

"இந்தக் காத்துக்கு விளக்கு நின்னு எரியறதே பெரிசு" என்றார் குருக்கள், விபூதி கொடுத்துக்கொண்டே.

"விளக்குக்கு ரெண்டு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிக் கொடுத்துடறோம் சாமி" என்று அம்மா சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன். ஆனால் அறைக்கு வந்ததும் மறுநாளைக்கு வேண்டிய மாலை, வேட்டி, சாஸ்திரிகளுக்குத் தட்சிணை என்று கணக்குப் போட்டதில் எண்ணெய் மறந்தே போய்விட்டது. ராத்திரி முழுக்க ஜன்னலில் கடல் இரைந்துகொண்டிருந்தது.

திருக்கடையூரில் நிற்க இடமில்லை. பத்தடிக்கு ஒரு ஹோமம், ஒருத்தர் புகை இன்னொருத்தர் கண்ணில். மைக்கில் யார் வீட்டுக் கோத்திரமோ கேட்கிறது. கோயில் மேல் குறை சொல்லவில்லை. அறுபது வருஷம் இருந்ததற்கு நன்றி சொல்ல இத்தனை பேர் வருகிறார்களே என்று மனசு நிறையத்தான் செய்தது. அப்பா அம்மாவை உட்கார வைத்து, தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்து, கலசத் தண்ணீரை உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊற்றினோம். என் முறை வந்தபோது அப்பா, ஈரம் சொட்டச் சொட்டத் தலையை நிமிர்த்தி, என் காதருகே கேட்டார்:

"அங்க எண்ணெய் வாங்கிக் கொடுத்தியாடா?"

நான் முழித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, ஊத்து" என்றார்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் சென்னைக்குக் கிளம்ப வேண்டியவர்கள், தெற்கே திரும்பினோம். வழியில் ஒரு மளிகைக் கடையில் அப்பாவே இறங்கிப் போய் வாங்கினார். மத்தியானம், கோயில் சாத்தியிருந்தது. நாலரைக்குத் திறப்பார்கள் என்றார்கள். புது வேட்டியில், மடியில் எண்ணெய் பாக்கெட்டுகளோடு, கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார் அப்பா.