கட்டைவிரலில் தட்டிய காற்று

இன்ஜின் வேலை முடிந்து, முதல் முறையாகச் சாவியைத் திருப்பும்போது இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும். பல வருடங்களுக்கு முன் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் வைத்த ஒரு பழைய கார் என்னை இரண்டு நாள் அலைக்கழித்ததிலிருந்து வந்த படபடப்பு அது.

இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போன வண்டி. ஹெட்டைக் கழற்றி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, புது கேஸ்கெட் போட்டு மூடினேன். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறை வைத்துப் பொறிக்கான மின்சாரத்தை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை கார்புரேட்டர் வாயில் 'டப்' என்று வெடித்து, பெட்ரோல் வாடை அடித்தது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நுனி ஈரமாக இருந்தது, ஆகவே பெட்ரோல் வருகிறது. பிளக்கை இன்ஜின் உடம்பில் தொடவைத்துச் சுற்றினால் நீலப்பொறி தெறிக்கிறது. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றன. எல்லாம் இருந்தும் உயிர் இல்லை. அந்த நிலையில்தான் நான் தப்பான வழியில் போனேன். வண்டி பழையது, பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் சூட்டில் களைத்திருக்கும் என்று முடிவு கட்டி, வண்டிக்காரரிடம் புது காயில் வாங்கிவரச் சொன்னேன். வயதானவர், மறுபேச்சில்லாமல் வாங்கிவந்தார். மாற்றினேன். அதே 'டப்'.

மறுநாள் மூத்த மெக்கானிக் வந்து, வண்டியைத் தொடாமலேயே கேட்டார்: "தம்பி, இந்த வண்டி பட்டறைக்கு எப்படி வந்தது?"

"ஓடித்தான் வந்தது அண்ணே. சூடாகிறது என்று கொண்டுவந்தார்."

"ஓடி வந்த வண்டி நீ வேலை செய்த பிறகு ஓடவில்லை. காயிலை நீ தொடவே இல்லையே, அதை ஏன் மாற்றினாய்? எதையெல்லாம் தொட்டாய், அதைச் சொல்."

சொல்லிக்கொண்டே வந்து டிஸ்ட்ரிபியூட்டரில் நின்றேன். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றச் சொன்னார். அந்தத் துளையில் என் கட்டைவிரலை வைத்து அடைக்கச் சொல்லிவிட்டு, ஸ்பேனரால் கிராங்க் தண்டின் முனையில் உள்ள புல்லியை மெதுவாகச் சுற்றினார். பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் புல்லியின் குறி நேருக்கு வந்தது, விரலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முழுச் சுற்று. குறி நெருங்க நெருங்கக் காற்று விரலைத் தள்ளி 'புஸ்' என்று வெளியே வந்தது. "இதுதான் கம்ப்ரஷன். இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திற" என்றார். உள்ளே சுழன்று ஒவ்வொரு முனைக்கும் மின்சாரம் தரும் ரோட்டர் முதல் சிலிண்டர் முனைக்கு நேர் எதிரே, நான்காவதைப் பார்த்து நின்றது.

பாடத்தில் படித்தது அப்போதுதான் விரலில் தட்டியது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கும் கேமும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு சுற்று. ஆகவே புல்லிக் குறி இரண்டு முறை நேருக்கு வரும். ஒருமுறை கம்ப்ரஷன் முடிவில், மறுமுறை புகை வெளியேறி முடியும்போது. நான் குறியை மட்டும் பார்த்து, இரண்டாவதில் மாட்டிவிட்டேன். அந்த நேரத்தில் பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். பொறி விழுந்தால் நெருப்புக்கு கார்புரேட்டர் பக்கம்தான் வழி. அந்த 'டப்' இரண்டு நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான் காது கொடுக்கவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அரைச்சுற்று திருப்பி மாட்டினேன். அடியில் ஆயில் பம்ப் தண்டின் பள்ளம் நேராக இல்லாததால் முதலில் உட்காரவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு அதைத் திருப்பிவிட்ட பிறகு இறங்கியது. சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது. மேனிஃபோல்டில் படிந்திருந்த ஆயில் கருகிப் புகைந்தது. அந்தப் புகை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள். ஒன்றில் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருந்தார்கள். ஸ்டார்ட்டர் முக்கி முக்கிச் சுற்றியது, ஆக்ஸிலரேட்டர் கேபிள் கைவைக்க முடியாமல் சுட்டது. கரன்ட் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் அதில் பாய்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் ரோட்டர் பார்க்கும் திசையை அதன் உடம்பில் கீறிவைக்கிறேன், அடியிலும் பிளாக்கோடு சேர்த்து ஒரு கோடு. புதிதாக வேலைக்கு வரும் பையன்களின் கட்டைவிரலைத் துளையில் வைத்து நானே புல்லியைச் சுற்றிக் காட்டுகிறேன்.

அன்று வண்டிக்காரர் வந்ததும், ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தினேன். புது காயிலைக் கழற்றிப் பழையதையே மாட்டி மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டினேன். தப்பு என்னுடையது என்று சொல்லி, புதியதை அட்டைப்பெட்டியில் போட்டு நீட்டினேன்.

"பழையது நன்றாகத்தான் இருந்ததா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா, நன்றாகத்தான் இருந்தது."

பெட்டியை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுத்துப் போனார்.