எம்.ஏ. இல்லை, நெட் இல்லை, ‘ஏ’ கிரேடு இருந்தது

“எம்.ஏ. எங்கேம்மா? நெட் எங்கே?” உதவிப் பேராசிரியர் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இருந்தவர் என் ஃபைலை இரண்டு முறை புரட்டிவிட்டு, மூடிக் கையில் கொடுத்துவிட்டார். விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

நான் பி.காம். புல்லாங்குழல் கற்றதெல்லாம் குருவின் வீட்டுத் திண்ணையில். இசைத்துறையில் உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையும் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வும்தான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையில் இன்னொரு வழியும் உண்டு. இளங்கலைப் பட்டம் வேண்டும். பெயர்பெற்ற குருவிடம் கற்றிருக்க வேண்டும். அகில இந்திய வானொலியிலோ தூர்தர்ஷனிலோ கலைஞர்களுக்குத் தரும் ‘ஏ’ கிரேடு இருக்க வேண்டும். பாடத்தைக் காரணத்தோடு விளக்கவும் செயல்முறையோடு சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டும். விளம்பரத்திலேயே அது இருந்தது. மேசைக்காரர் படித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

நல்லவேளை, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோடிட்டு வைத்திருந்தேன். உள்ளே எடுத்துப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். “சரி, ஏ கிரேடு சர்டிபிகேட் கொடுங்க.” கொடுத்தேன். “இது வெறும் லெட்டர்தானே? இதுல அப்பா பேரு முழுசா இருக்கு, டிகிரில இனிஷியல் மட்டும் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணிட்டு வாங்க.”

அன்று செவ்வாய். வானொலி கிரேடில் பி, பி ஹை, ஏ என்று ஒவ்வொரு படியாக ஏற எனக்குப் பதினாறு வருடம் ஆனது. அதற்கு ஆதாரம் ஒற்றைத் தாள், அதிலும் பெயர்க் குழப்பம். புதன்கிழமை வானொலி நிலையத்துக்குப் போனால், கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியூர் ஒலிப்பதிவுக்குப் போயிருந்தார். ஒரு நாள் வீண். போன் செய்யாமல் போனது என் தப்பு. மறுநாள் போகும்போது பழைய வானொலி நிகழ்ச்சி ஒப்பந்தத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப்போனேன். பழையவற்றில் இனிஷியல், பிந்தையவற்றில் முழுப்பெயர், எல்லாவற்றிலும் ஒரே முகவரி. அதை வைத்துத்தான், கிரேடையும் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதையும் உறுதி செய்து கடிதம் கிடைத்தது. நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரமும் வாங்கிக்கொண்டேன். ஒப்பந்தத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கச்சேரி அழைப்பிதழை ஆதாரமாக யாரும் மதிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதே மேசை, அதே ஆள்.

நேர்காணலில் வேறு சோதனை. அறையில் ஏசி முழுவேகம். குழல் குளிர்ந்தால் சுருதி இறங்கும் என்பது ஊதுகிற எல்லோருக்கும் தெரியும். சுருதிப்பெட்டி ஐந்து கட்டை சுருதியில் அசையாமல் நிற்க, என் சட்ஜம் (‘ஸ’) கீழே தொங்கியது. காத்திருந்தபோது குழலைப் பையிலேயே வைத்திருந்ததுதான் பிசகு. ஒரு நிமிடம் கேட்டு, குழலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, துளைகளை மூடி மெல்ல மூச்சை விட்டபடி இருந்தேன். மூங்கில் சூடானதும் சுருதி சேர்ந்தது. நீங்கள் போனால் கூப்பிடும்வரை குழலைத் துணியில் சுற்றிக் கையிலேயே வைத்திருங்கள்.

வாசித்ததைவிட விளக்கியதுதான் அதிக நேரம். குழல் மேதை மாலிக்கு (டி.ஆர். மகாலிங்கம்) முன்னும் பின்னும் குழலில் என்ன மாறியது என்று கேட்டார்கள். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை முதலில் விரலைத் தூக்கித் தூக்கி வைத்து வாசித்தேன். ஸ்வரம் துண்டு துண்டாக விழுந்தது. அப்புறம் விரலைத் துளைமேல் பாதி மூடியபடி உருட்டி அசைத்தேன். காந்தாரம் வாய்ப்பாட்டுப் போல இழைந்தது. “இந்த அசைவைக் குழலுக்குள் முழுசாகக் கொண்டுவந்தவர் மாலி” என்றேன். ஓரத்தில் இருந்த பெரியவர் பேனாவை வைத்துவிட்டு, “இன்னொரு தரம் வாசிம்மா” என்றார்.

ஏழு வாரம் கழித்து நியமன ஆணை வந்தது. பெயரையும் இனிஷியலையும்தான் முதலில் பார்த்தேன். சரியாக இருந்தது.