மண்டபத் திறப்பு

கசிப்பை, அதுதான் கள்ளச் சாராயத்தை, விட்டு இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. ஊரில் எல்லாரும் "உனக்கு நல்ல மனவுறுதி" என்கிறார்கள். மனவுறுதி முன்பும் இருந்தது. நாலு தரம் நானாகவே விட்டவன் நான். நாலாம் தரம், விட்ட மூன்றாம் நாள், கை நடுங்கி, சுவரெல்லாம் பூச்சி ஊருவது போலத் தெரிந்து, வலிப்பு வந்து முற்றத்தில் விழுந்தேன். பேய் பிடித்துவிட்டது என்று அம்மா திருநீறு போட்டா. வைத்தியசாலையில்தான் விளங்கப்படுத்தினார்கள்: வருடக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படியாகும், உயிரே போகலாம். தயவுசெய்து யாரையும் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள். முதலில் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

பிறகுதான், போதையை விடப் பார்ப்பவர்கள் கூடிப் பேசும் குழு. எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு. ஏழு பேர். ஒரு மேசன் அண்ணை, கடலுக்குப் போகிற இருவர், ஐஸ் என்ற போதைப்பொருள் பாவித்த ஒரு பெடியன், இன்னும் இருவர், நான். மூன்று கிழமை நான் வாய் திறக்கவில்லை. நாலாம் கிழமை மேசன் அண்ணை, பிள்ளையின் உண்டியலை உடைத்துக் குடித்ததைச் சொன்னார். நானும் உடைத்திருக்கிறேன். மாம்பழம் போல ஒரு மண் உண்டியல். மகள் அந்த ஓடுகளைப் பொறுக்கிவந்து, ஒட்டித் தாங்கோ அப்பா என்று என்னிடமே நீட்டினாள். யாருக்கும் சொல்லாத அதை அன்று சொன்னேன். ஒருவரும் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் முழங்காலில் கையை வைத்தார், அவ்வளவுதான்.

உளவளத்துணை அக்கா ஒருநாள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னா. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை என்று பல ஆபத்துகளுக்குள் வளர்ந்தவர்களிலும் மூன்றிலொரு பங்கினர் நன்றாகவே வந்தார்கள். அம்மம்மாவோ, அயலவரோ, ஆசிரியரோ, அன்பான ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார். இப்படியானவற்றைத்தான் பாதுகாப்புக் காரணிகள் என்கிறார்கள்.

"உங்கட பிள்ளையளுக்கு அந்த ஆள் ஆர்?" என்று அக்கா கேட்டா. எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம்.

2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் அகதி முகாமுக்குள் போகும்போது எனக்கு இருபத்தொரு வயது. வயல், கோயில், விளையாட்டுக் கழகம், காதைத் திருகிக் கண்டிக்கும் பெரியப்பா, எல்லாம் ஒரே வருடத்தில் போயின. வன்னிப் பெடியள் கெட்டுப்போட்டாங்கள் என்று யாரும் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலி அறுந்த வயலில் மாடு இறங்கினால் பயிரையா ஏசுவது?

குழுவில் சேர்ந்த இரண்டாம் மாதம் மண்டபத் திறப்பை, அதன் சாவியை, என்னிடம் தந்தார்கள். சம்பளக் காசு கையில் இருந்த சனிக்கிழமைகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். நான் போகாவிட்டால் ஆறு பேர் வாசலில் நிற்பார்களே.

ஐஸ் பாவித்த அந்தப் பெடியன் நடுவில் இரண்டு கிழமை வரவில்லை. திரும்பவும் பாவித்துவிட்டான். மேசன் அண்ணையும் நானும் சைக்கிளில் போனோம். அவன் வெளியே வரவில்லை. தாய் தேத்தண்ணி தந்தா. போன சனி ஐந்து மணிக்கு வந்து, பேசாமல் தன் கதிரையில் இருந்தான். முடிந்து பூட்டும்போது, "அண்ணை, வாற கிழமை நான் திறக்கட்டா?" என்றான்.

திறப்பு இப்போது அவனிடம்.