கயிறு திருப்பி இழுக்கும் நாட்கள்

யூலை 3
தண்ணீர் இறைக்கும் மிசின் இயங்கவில்லை, இன்றும் இறைக்கவில்லை. கச்சான் கடலைக்கு விழுது இறங்கும் காலம். சோளகக் காற்று பகல் முழுவதும் அடித்து விசுவமட்டுச் செம்மண்ணைப் பொடியாக்குகிறது.

யூலை 4
மிசினை இயக்க இழுத்த கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடியது, பெருவிரல் வீங்கிவிட்டது. கடைக்காரத் தம்பி பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேற்றரைக் கழுவித் தந்து, "இனிப் பிழையில்லை அண்ணை" என்றார். கார்புரேற்றர் அழுக்கானால் மிசின் திணறும், இடையில் நிற்கும். கயிற்றை எதிர்ப்பக்கம் சுண்டாது. அதைச் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தது என் பிழை.

யூலை 5
பொறி விழும் பிளக்கின் இடைவெளி 0.7 மில்லிமீற்றர், பொறி நீலமாக விழுகிறது. பிளக் துவாரத்தில் வைத்த விரலைக் காற்று தள்ளுகிறது. பெற்றோலும் புதியது. அப்படியானால், பொறி விழும் நேரத்தில்தான் பிழை. இந்த வகை மிசினில் பிஸ்டன் உச்சிக்கு வர ஏறத்தாழ 25 பாகை இருக்கும்போதே பொறி விழும். அதைவிட மிக முந்தினால், ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு திருப்பித் தள்ள, கயிற்றைப் பிடித்தவனுடைய கைக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் யாரும் தொடாமல் நேரம் எப்படி மாறும்?

யூலை 6
கிணற்றில் நீர் இறங்கி இன்னொரு வளையம் தெரிகிறது.

யூலை 7
மாமாவின் மிசினும் இதே வகை. பிளக் துவாரத்தில் தென்னீர்க்கை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வந்ததும், தண்டோடு சுற்றும் சில்லான பிளைவீலின் காந்தம் பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று சோக்கட்டியால் குறித்தேன். பிறகு எங்களுடையதில் அதே ஈர்க்கு, அதே குறி. இரண்டு விரற்கடை கூடுதலாகத் தாண்டியிருந்தது; பொறியும் அவ்வளவுக்கு முந்தித்தான் விழும். மூன்று தரம் அளந்தேன், வெயிலும் உறைக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது சின்னவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "அப்பா, நீங்கள் வவுனியாவுக்குப் போன அண்டு மிசின் டக்கெண்டு நிண்டது." கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் பூட்வால்வின் சல்லடை உடைந்து, பாக்களவு கல்லொன்று பம்புக்குள் சிக்கியதாம். கல்லை ஒளித்து வைத்திருந்தான், கொண்டுவந்து காட்டினான். பம்பு நிற்கத் தண்டும் நின்றிருக்கும். பாரமான பிளைவீல் மட்டும் ஓடின வேகத்தில் முன்னே நகர்ந்திருக்கும். நான் ஏசவில்லை. பெருவிரல்தான் விண்ணென்று வலித்தது.

யூலை 8
இழுவைக் கருவி வைத்துத்தான் பிளைவீலைக் கழற்றினேன். சுத்தியலால் தட்டினால் தண்டின் கூம்பு கெட்டுவிடும். உள்ளே, தண்டுக்கும் பிளைவீலுக்கும் நடுவே செருகும் அரைநிலாச் சாவி படிபோல் வெட்டுண்டு, ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளைவீலை இறுகப் பிடிப்பது கூம்பும் நட்டுந்தான்; சாவி இருக்கவேண்டிய இடத்தைக் காட்டுவது மட்டுமே. இவ்வளவு சிறிய இரும்புக்காக ஐந்து நாட்கள்.

யூலை 9
கிளிநொச்சியில் ஒரு கடையில், ஆணியை அராவித் தரலாம் என்றார்கள். மறுத்துவிட்டு, அடுத்த கடையில் சரியான சாவியே இரண்டு வாங்கினேன். புதுச் சல்லடையும்.

யூலை 10
கூம்பை எண்ணெய் இல்லாமல் துடைத்துப் பூட்டினேன். கொயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே விசிட்டிங் காட் ஒன்றின் தடிப்பளவு இடைவெளி. இருட்டிவிட்டது.

யூலை 11
காலை 5.40. இரண்டாவது இழுப்பில்.