துண்டுச்சீட்டில் எழுதிய போத்தல்

1991 இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேயின் பெர்கன் நகருக்கு வந்தபோது, ஓயாத மழையைக் காட்டிலும் என்னை அச்சுறுத்தியவை 'யாய் ஹேத்தர்' என்னும் இரு சொற்களே. 'என் பெயர்' என்று பொருள்படும் அவற்றை மொழி வகுப்பில் சொல்லிவிட்டேன். ஆனால் ககரத்தில் தொடங்கும் என் பெயர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஊரில் கொன்னையன் என்று அழைக்கப்பட்டவன்தான் நான். எனினும் அங்கே பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடும்போது ஓரெழுத்தும் திக்கியதில்லை.

மீன் தொழிற்சாலையில் பேச வேண்டிய தேவை குறைவு. சனி இரவுகளில் நண்பர்களின் அறையில் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் ஊர்க்கதைகள் சொல்லத் தொடங்குவேன். குறைந்தது திக்கலா, திக்குவது பற்றிய வெட்கமா என்று இன்று கேட்டால், வெட்கமே என்பேன்.

நோர்வேயில் வைனையும் கடுமதுவையும் விற்கும் கடைகள் வின்மொனொபோலே என்னும் அரச நிறுவனத்துடையவை. அக்காலத்தில் போத்தலை நாமாக எடுக்க முடியாது. விற்பனை மேசையின் முன் நின்று பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பேசுவதற்காகக் குடிப்பவன் குடிப்பதற்காகப் பேச வேண்டியிருந்தது! எனக்குப் பிடித்த கொன்யாக்கும் ககரத்திலேயே தொடங்கித் தொலைத்தது. பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி, மழையில் நனையாதபடி உட்பையில் வைத்துக்கொண்டு போவேன். அதை நீட்டவும் கூசி வாசலோடு திரும்பிய நாட்களும் உண்டு. 1999 இல் சுயசேவைக் கடைகள் வரத் தொடங்கியபின், வாய் திறக்காமலே வாங்க முடிந்தது. தொலைபேசியில் பேசுமுன் ஒன்று, பிள்ளையின் பெற்றோர் கூட்டத்துக்குமுன் ஒன்று என்று குடி வளர்ந்தது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் திக்கிறது பிள்ளைக்குப் பழகிப்போச்சு, இந்த மணம்தான் பழகேல்லை" என்று மனைவி ஒருநாள் சொன்னாள்.

குடும்ப வைத்தியர் அனுப்பிவைத்த பேச்சுச் சிகிச்சையாளர் திக்கலை மறைக்கும் வழியைக் கற்றுத்தருவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ வேண்டுமென்றே திக்கச் சொன்னார். சிக்கிய எழுத்தை உந்தித் தள்ளாமல், இழுத்து மெல்ல வெளியே விடச் சொன்னார். யாரிடமும் 'எனக்குத் திக்கும்' என்று முதலிலேயே சொல்லிவிடவும் பழக்கினார். குடியைக் கைவிட அதனினும் நெடுங்காலம் பிடித்தது. இருமுறை மீண்டும் விழுந்தேன்.

கோப்பியைக் குறிக்கும் 'கஃபே' என்ற நோர்வேஜியச் சொல்லுக்கு அஞ்சி, பேக்கரிகளில் பல ஆண்டுகளாகத் தேநீரையே கேட்டு வாங்கிக் குடித்தவன் நான். ஒரு காலை, வரிசையில் ஐந்தாறு பேர் பின்னால் நிற்க, அந்தக் ககரத்தை நீட்டி நீட்டிச் சொல்லி முடித்தேன். விற்பனைப் பெண் பால் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.