கருப்புப் பட்டைக்கு வந்த குறிப்பாணை

விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசுப் பணியில் சேர்ந்த கைப்பந்து வீராங்கனை நான். பாலியல் தொல்லைப் புகாரில் நடவடிக்கை கோரி ஜந்தர் மந்தரில் போராடிய மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோரை 2023 மே 28 அன்று டெல்லி காவல்துறை வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தியது. அவர்களும் எங்களைப் போன்ற அரசு ஊழியர்களே, ரயில்வேயில் பணியாற்றியவர்கள். அடுத்து வந்த துறைசார் போட்டியில் நாங்கள் சிலர் கையில் கருப்புப் பட்டை கட்டி ஆடினோம். படம் நாளிதழில் வெளியானது. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், ஊழியருக்குத் தகாத நடத்தையைத் தடுக்கும் 3, ஆர்ப்பாட்டம் பற்றிய 7 ஆகிய இரண்டையும் மீறியதாகக் குற்றம் சாட்டி, 1965 ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் சிறு தண்டனைக்கான 16 ஆம் விதியின்கீழ் 10 நாள்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்து முடித்துக்கொள்ளுமாறு பலரும் சொன்னார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கோப்பில் பதிவாகும் என்று ஊழியர் சங்கத்தின் மூத்த தோழர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகு, விளக்கத்தை விதிவாரியாக எழுத உட்கார்ந்தேன்.

போட்டி நாள் எங்களுக்குப் பணிநாள். அணிந்திருந்தது துறையின் சீருடை. ஆகவே சீருடையில் எது இருக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 7 ஆம் விதி எல்லா எதிர்ப்பையும் தடுப்பதில்லை. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு, நன்னெறி முதலியவற்றுக்குக் குந்தகமான ஆர்ப்பாட்டத்தையே தடுக்கிறது. அரசு ஊழியர் எவ்வகை ஆர்ப்பாட்டத்திலும் பங்கேற்கக் கூடாது என்ற பீகார் அரசின் விதியை, காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962 இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நாங்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை, எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லவில்லை. சீருடை விதியை மீறியதற்காகவா, கருத்துக்காகவா தண்டனை என்பதை நிர்வாகம் எழுத்தில் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று கோரினேன். என் விளக்கத்தின் உயிர்நாடி அதுதான்.

ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி 7 ஆம் விதிக் குற்றச்சாட்டைக் கைவிட்டார். 3 ஆம் விதியின்கீழ் ‘கண்டனம்’ விதித்தார். தண்டனைகளில் அது மிகச் சிறியது என்றாலும் பணிப் பதிவேட்டில் ஏறும் என்பதால், ஆணை கிடைத்த 45 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்தேன். எழுத்துபூர்வமான சீருடை உத்தரவு எதுவும் அன்று நடப்பில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியதை ஏற்று, மேல்முறையீட்டு அதிகாரி கண்டனத்தை ரத்து செய்தார். இத்தகைய குறிப்பாணை பெறும் வீரர்கள், வாய்மொழியாக எதையும் ஒப்புக்கொள்ளாமல், விளக்கத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன்.